தூரத்து உறவு

2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள் கல்லூரிக்குத் தற்செயல் விடுப்புக் கடிதம் கொடுத்தனுப்பினேன். காரணம் என்ற இடத்தில் 'வீட்டில் ஒரு துக்கம்' என்று மட்டும் எழுதியிருந்தேன். மறுநாள் துறைத்தலைவர் பரிவோடு, "யார் தவறியது?" என்று கேட்டார். ஒரு கணமும் தயங்காமல் "தூரத்து உறவு" என்றேன். இறந்தது மணி, பதின்மூன்று ஆண்டுகள் எங்கள் வீட்டில் வாழ்ந்த நாய். அந்தப் பொய் என் வாயிலிருந்து வந்த வேகம் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

நாய்க்காக அழுவதில் நமக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. அக்கூச்சத்தை ஆராயும்போது, நம் இலக்கிய மரபுக்கும் அதில் பங்குண்டு என்றே தோன்றுகிறது. மணிவாசகர் தம்மை 'நாயேன்' என்று திரும்பத் திரும்பத் தாழ்த்திக்கொள்கிறார். அங்கே நாய் இழிவின் அளவுகோல். நாலடியாரின் 'நட்பாராய்தல்' அதிகாரம் யானையையும் நாயையும் அருகருகே நிறுத்தி, நாயின் நட்பே கொள்ளத்தக்கது என்கிறது. அங்கே அது நன்றிக்கு எடுத்துக்காட்டு. பாரதத்தின் இறுதியில் தருமனோடு மலையேறும் நாய், கடைசியில் தருமதேவதையாகவே உருமாறிவிடுகிறது. பெரிய காட்சிதான், ஆனால் நாய் நாயாகவே நின்றிருந்தால் அந்த மறுப்புக்கு இன்னும் கனம் கூடியிருக்கும் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. இவற்றில் எங்கும் ஒரு குறிப்பிட்ட நாய், அதன் பெயரோடும் அதன் வழக்கங்களோடும், தனக்காகவே வந்து நிற்கவில்லை.

கல்லில் நிற்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏழாம் நூற்றாண்டு. ஆநிரைப் பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல்லில், அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர் என்றும், இரு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியே பொறித்திருக்கிறார்கள். கன்னட நாட்டு ஆதகூர்க் கல் பத்தாம் நூற்றாண்டினது. காட்டுப்பன்றியோடு போரிட்டு மாண்ட காளி என்னும் வேட்டைநாயை அது நினைக்கிறது. கல்வெட்டு எழுதியவனுக்கு இல்லாத கூச்சம் ஏட்டில் எழுதியவனுக்கு எங்கிருந்து வந்தது?

மணி கள்வர் எவரையும் கடித்ததில்லை. தபால்காரரைக் கண்டால் குரைக்கும். அவர் வண்டியை விட்டு இறங்கியதும் வாலாட்டும். 2009இல் மழைநாளொன்றில் பாலத்தடியிலிருந்து என் மகள் தூக்கிவந்த குருளை அது. (நாயின் இளமைப் பெயர் குருளை என்று தொல்காப்பிய மரபியல் சொல்வதை அன்றைக்கு அவளுக்குச் சொல்லப்போய், "மணின்னு வச்சாச்சு அப்பா" என்று அடக்கப்பட்டேன்.) ஓய்வுபெற்ற ஆசிரியரான என் தந்தை, "நாய்னா வாசலோட இருக்கணும்" என்று தீர்ப்பளித்தார். ஆறு மாதத்திற்குள் தீர்ப்பை வேறுவகையில் நிறைவேற்றினார்: மணியை உள்ளே விடாமல், தாம் வாசலுக்குக் குடிபெயர்ந்தார். காலையில் திண்ணையில் நாளிதழ், தேநீர், இரண்டு பொறை. ஒன்று அவருக்கு, ஒன்று மணிக்கு. தேநீரில் நனைத்துத் தராவிட்டால் மணி தொடாது. 2018இல் தந்தை மறைந்தபின் என் தாயார் அந்தப் பொறையை நனைத்துக் கொடுத்தார். மணி வாங்கி, தின்னாமல் திண்ணையின்மேல் வைத்துவிட்டு அமர்ந்துகொண்டது. இதற்குப் பொருள் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

சொல்ல விரும்பாத பகுதி அடுத்தது. 2019இல் பழைய ஓட்டுவீட்டை இடித்துக் கட்டினோம். ஏழு மாதம் வாடகைக்கு ஒரு மாடிவீடு. நாய் கூடாது என்றார் வீட்டுக்காரர். வேறு வீடு தேடியிருக்கலாம், நான் தேடவில்லை. மணியைக் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே காவலுக்கு இருந்தவர் பொறுப்பில் விட்டேன். மாலைதோறும் தயிர்ச்சோறு கொண்டுபோவேன். முதல் மாதம் நான் கிளம்பும்போதெல்லாம் வண்டியின் பின்னால் தெருமுனைவரை ஓடிவந்தது. பிறகு பாதி தூரம். பிறகு ஒருநாள் எழுந்திருக்கவே இல்லை; சோற்றைத் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டது. அன்று வீடு திரும்புகையில், 'அப்பாடா, பழகிவிட்டது' என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை நான் மறக்கவில்லை.

புதுவீட்டில் திண்ணை இல்லை. திண்ணை இருந்த இடம் இப்போது வண்டி நிறுத்துமிடம். கதவைத் திறந்து வைத்து எல்லோரும் அழைத்தோம். மணி உள்ளே வரவில்லை. வண்டிக்குப் பக்கத்தில், பழைய திண்ணைக்கு நேராகவே, மூன்று ஆண்டுகள் படுத்திருந்தது. சிறுநீரகம் பழுதுபட்டு, ஒரு வாரம் கால்நடை மருத்துவர் வந்து குளுக்கோஸ் ஏற்றியும் பயனில்லாமல், அங்கேயே இறந்தது.

'இறந்தது' என்று எழுதுகிறேன். வீட்டில் நாங்கள் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை, 'மணி சாப்பிட்டானா?' என்றுதான் கேட்போம். தமிழ் இலக்கணம் இதற்கு எப்போதோ இடம் கொடுத்துவிட்டது. உவப்பினால் திணை மயங்கினாலும் இயல்பே என்கிறது நன்னூல். பசுவை 'என் அம்மை வந்தாள்' என்பது வகுப்பறையில் வழிவழியாகச் சொல்லும் எடுத்துக்காட்டு. இருபது ஆண்டுகளாக இதை நடத்துகிறேன். இலக்கணம் கொடுத்த உரிமையை, துறைத்தலைவர் அறையில் நின்றபோது நானே கைவிட்டேன்.

நாய்க்குப் பிறந்தநாள் அப்பம் வெட்டி, புத்தாடை உடுத்தி, தம்மை அதன் தாய்தந்தை என்று அழைத்துக்கொள்ளும் இன்றைய நகரத்து வழக்கத்தை நான் பரிந்துரைக்கவில்லை. அதுவும் நாயை நாயாக இருக்க விடாத இன்னொரு வழி என்பேன். நான் கேட்பது சிறியது. ஒருவர் 'என் நாய் இறந்துவிட்டது' என்று சொன்னால், எதிரில் இருப்பவர் புன்னகைக்காமல் 'எத்தனை வயது? என்ன ஆயிற்று?' என்று கேட்கும் அளவுக்கு இடம். அவ்வளவு இடம் இருந்திருந்தால் நான் அன்று உண்மை சொல்லியிருப்பேனா என்பதை உறுதியாகச் சொல்ல இயலவில்லை. கூச்சம் எனக்குள்ளும் இருந்தது.

சென்ற பருவத்தில் திணை வழுவமைதி நடத்தும்போது, பசுவை விட்டுவிட்டு, 'மணி வந்தான்' என்று கரும்பலகையில் எழுதினேன். முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "இதுல வழு எங்கய்யா இருக்கு? மணி ஆம்பளைப் பேர்தானே?" என்றாள். அவள் கேட்டது சரி. நாயின் பெயர் என்று விளக்கினேன். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன் மட்டும், "இப்ப இருக்காங்களா ஐயா?" என்று கேட்டான். இல்லை என்றேன், எத்தனை வயதில் போனான், என்ன நோய் என்பதையும் சொன்னேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.