உறைக்குத் திரும்பாத வாள்

நம் மண்ணூருக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில், 1991 மே 21 இரவு, தேர்தல் பரப்புரைக்கு வந்த முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி மனித வெடிகுண்டினால் கொல்லப்பட்டார். காவலர்களும் பொதுமக்களுமாக மேலும் பலர் அவருடன் மாண்டனர். அவ்விடத்தில் இன்று நினைவகம் நிற்கிறது. அதைக் கடந்து நாள்தோறும் வேலைக்குச் செல்லும் நம் பொதுநிலையினரிடம் அதுபற்றிக் கேட்டால், "போரும் அரசும் பெரியவர்களின் காரியம், செபிப்பதைத் தவிர நம்மால் ஆவதென்ன?" என்பதே பெரும்பாலும் மறுமொழியாக வருகிறது. இக்கூற்று பணிவைப்போல் தோன்றினும், உண்மையில் அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதேயாகும்.

போர்கள் வரலாற்றைச் செதுக்குகின்றன என்பதை யாரும் மறுக்க முடியாது. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அமைதி காக்கச் சென்ற இந்தியப் படை சில மாதங்களிலேயே விடுதலைப் புலிகளுடன் போரில் இறங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்து 1990 மார்ச்சில் அது திரும்பியது. மறு ஆண்டே அப்போரின் வஞ்சம் நம் வாசலுக்கு வந்து சேர்ந்தது. ஆயினும் போர் வரலாற்றைச் செதுக்குவது களத்தில் மட்டுமன்று. அச்சத்தின் வேளையில் அரசு பெறும் தனி அதிகாரம், அச்சம் தணிந்தபின்னும் அதன் கையை விட்டு அகலுவதில்லை. பீரங்கியின் ஓசை அடங்கிய பின்னர் நம் வாழ்வை ஆள்வது அந்த அதிகாரமே.

மேற்கூறிய கொலை வழக்கையே எடுத்துக்கொள்வோம். அது கொடிய குற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வழக்கு தடாச் சட்டத்தின்கீழ் நடந்தது. காவல்துறையிடம் அளிக்கப்படும் வாக்குமூலம் சான்றாகாது என்பது நாட்டின் பொதுச்சட்டம். சித்திரவதைக்கு அஞ்சி எவரும் எதையும் ஒப்புக்கொள்ளக்கூடும் என்பதால் எழுந்த நெறி அது. தடா அந்நெறியை நீக்கி, காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்த வாக்குமூலத்தையே சான்றாக்கியது. உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் வழியையும் அடைத்தது. 1985-இல் ஈராண்டுக்கென வந்த அச்சட்டம், நீட்டிக்கப்பட்டு நீட்டிக்கப்பட்டு, 1995-இல்தான் காலாவதியானது. 1998 சனவரி 28 அன்று பூவிருந்தவல்லித் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. இக்குற்றம் தடாச் சட்டம் கூறும் பயங்கரவாதச் செயல் அன்று என்றும் கூறியது. ஆயினும் அச்சட்டத்தின்கீழ்ப் பெற்ற வாக்குமூலங்கள் சான்றுகளாகவே நின்றன. சட்டம் செத்தது, அதன் கை சாகவில்லை.

இது தனியொரு நிகழ்வன்று. சீனப் போரை முன்னிட்டு 1962 அக்டோபர் 26-இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் துப்பாக்கிகள் ஓய்ந்தன. இடையில் 1965 போர் வந்தது உண்மையே. எனினும் அவ்வறிவிப்பு 1968 சனவரி வரை நீடித்தது. 1971 டிசம்பரில் வங்கதேசப் போர் இரண்டே வாரங்களில் முடிந்தது. அப்போது பிறப்பித்த நெருக்கடிநிலையோ 1977 மார்ச் வரை நின்றது. அது விலக்கப்படாமல் இருக்கும்போதே, 1975 ஜூன் 25 அன்று இரண்டாவது நெருக்கடிநிலையும் அதன்மேல் ஏற்றப்பட்டது. அதன் நிழலில்தான் 1976-இல் தமிழக அரசு கலைக்கப்பட்டது. சென்னைச் சிறையில் மிசாக் கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டனர்.

"நாட்டைக் காக்க இவை வேண்டாமா?" என்று கேட்பார் உளர். குடிமக்களைக் காப்பது அரசின் கடமை என்று திருச்சபையும் கற்பிக்கின்றது. ஆனால் தனிச்சட்டம் காவலைத் தந்ததா என்பதை இலங்கையைப் பார்த்துச் சொல்லட்டும். 1979-இல் மூன்றாண்டுக்கெனத் தற்காலிகமாக வந்த பயங்கரவாதத் தடைச்சட்டம் 1982-இல் நிலையானதாயிற்று. எத்தனையோ தமிழ் இளைஞரைச் சிறையில் வாட்டிய அச்சட்டம், 2009-இல் போர் முடிந்தும் நீங்கவில்லை. அது கையில் இருக்கும்போதுதான், 2019 ஏப்ரல் 21 உயிர்ப்புப் பெருவிழாவன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும் நம் உடன்பிறப்புகள் திருப்பலியின்போது சிதறுண்டனர். முன்கூட்டியே உளவுத்தகவல் கிடைத்தும் ஆட்சியாளர் தடுக்கத் தவறினர் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 சனவரியில் தீர்ப்பளித்தது. அங்கே குறைவுபட்டது அதிகாரமன்று, கடமையுணர்வு.

மேலும் சிலர் உரோமையர் திருமுகத்தின் 13-ஆம் அதிகாரத்தைக் காட்டி, ஆள்வோருக்குப் பணிவதே கிறிஸ்தவ அறம் என்பர். அவர்கள் திருவெளிப்பாட்டு நூலின் 13-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிப்பார்களாக. உரோமைப் பேரரசே அங்கு விலங்காகக் காட்டப்படுகிறது. தங்கள் போர்களை நடத்த ஓர் அரசன் வேண்டுமென்று இஸ்ரயேலர் கேட்டபோது, அவன் உங்கள் புதல்வரையும் வயல்களையும் எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் எச்சரித்தார். மக்கள் செவிகொடுக்கவில்லை. அச்சத்தினால் அரசனைக் கேட்பவர், அவன் கேட்பதையெல்லாம் கொடுக்க நேரிடும். திருத்தந்தை 23-ஆம் யோவான், கியூபாவை முன்னிட்டு உலகம் அணுப்போரின் விளிம்பில் நின்ற சில மாதங்களுக்குப்பின், 1963 ஏப்ரலில் 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். அறநெறிக்கு மாறான சட்டம் மனச்சான்றைக் கட்டுப்படுத்தாது என்று அதில் தெளிவுறக் கற்பித்தார்.

இச்சட்டங்கள் பிறரையே தாக்கும் என்று எண்ணுவோருக்கு ஒரு பெயரை நினைவூட்டுகிறேன்: அருள்பணி ஸ்டேன் சுவாமி. திருச்சி மாவட்டத்தில் பிறந்த இந்த இயேசு சபைத் துறவி, ஜார்க்கண்டில் விசாரணையின்றிச் சிறையில் வாடிய பழங்குடி இளைஞருக்காகப் போராடியவர். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2020 அக்டோபர் 8 அன்று, தமது 83-ஆம் வயதில் கைதானார். அச்சட்டத்தில் பிணையை ஏறத்தாழ எட்டாக்கனியாக்கிய பிரிவு, 2008-இல் மும்பைத் தாக்குதலின் அதிர்ச்சியில் சேர்க்கப்பட்டது. நடுக்குவாத நோயால் குவளையைப் பிடிக்க இயலாத அவர், உறிஞ்சிக் குடிக்கும் குவளைக்காக நீதிமன்றத்தில் மனுச்செய்ய வேண்டியதாயிற்று. விசாரணை தொடங்குமுன்னரே, 2021 ஜூலை 5 அன்று காவலில் உள்ளவராகவே மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவர் நேசித்த ஜார்க்கண்டு மண்ணின் இளைஞர்கள் இன்று நம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் நம்மோடு உழைக்கின்றனர்.

எனவே நாம் செய்யத்தக்கது யாது? வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலையும் குடிநீரும் கேட்பதுபோல் இதனையும் கேட்போம்: தனிச்சட்டம் ஒவ்வொன்றுக்கும் முடிவுநாள் உண்டா? அந்நாள் வரும்போது மன்றத்தில் வாதம் நடக்குமா, கைதூக்கல் மட்டும் நடக்குமா? நம் பங்குகளிலுள்ள வழக்கறிஞர்கள் விசாரணைக் கைதிகளுக்காக மாதம் ஒரு நாளேனும் ஒதுக்கட்டும். அன்பியக் கூட்டங்களில் விவிலியத்தோடு அரசமைப்புச் சட்டத்தின் 21, 22 ஆகிய உறுப்புகளையும் வாசிப்போம். கைதானவரின் உயிருக்கும் உரிமைக்கும் காவல் அங்கேதான் எழுதப்பட்டுள்ளது.

கெத்சமனியில் ஆண்டவரைக் காக்கவே பேதுரு வாளை உருவினார். நோக்கம் நல்லதே. ஆயினும் வாளை உறையில் போடும்படி ஆண்டவர் கட்டளையிட்டார். அக்கட்டளையை அரசுகளுக்கு நினைவூட்டுவது திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரின் கடமை. அதைச் செய்யாமல் செபம் மட்டும் போதும் என்போர், செபிக்கச் சென்ற இடத்தில் உறங்கிப்போன சீடர்களையே ஒத்திருப்பர்.