சாவியில்லா மோட்டார்களும் களவும்

செஞ்சிக் கோட்டையை மொகலாயர் சேனை 1690-ல் முற்றுகையிட்டது; 1698-ல்தான் கோட்டை அதன் வசமாயிற்று. அதே கோட்டையை 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஒரே இரவில் பிடித்துவிட்டது. மலையும் குறையவில்லை, மதிலும் குறையவில்லை. இருளில் வாயில்கள் தகர்ந்தன. காவலென்பது சுவரின் கனத்தில் இல்லை, வாயிலின் திடத்தில் இருக்கிறது என்பதை இராஜகிரியின் அடிவாரத்தில் வசிப்போருக்கு நாம் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் வண்டிக்கும் இந்த நியாயமே பொருந்தும்.

சாவியைத் துவாரத்தில் நுழைக்காமலே கதவு திறந்து, பொத்தானை அழுத்தியதும் கிளம்பும் வண்டிகள் ஒரு காலத்தில் தனவந்தர்களுக்கே உரியவை. இன்று மத்தியதர வகுப்பினரும் அவற்றை வாங்குகின்றனர். சட்டைப்பையிலுள்ள சாவியும் வண்டியும் ரேடியோ அலைகளால் பேசிக்கொள்கின்றன. அலை எட்டினால் சாவி அருகில் இருப்பதாகப் பல வண்டிகள் நம்பிவிடுகின்றன. தூரத்தை அளந்து பார்ப்பதில்லை. ஒரு திருடன் வீட்டுச் சுவரருகிலும், மற்றொருவன் வண்டியருகிலும் கருவிகளுடன் நின்று, மாடத்தில் கிடக்கும் சாவிக்கும் வண்டிக்கும் இடையே தூது நடத்துகின்றனர். பூட்டு உடைவதில்லை, கண்ணாடி நொறுங்குவதில்லை. ஒருமுறை ஓடத் தொடங்கிய எஞ்சின், சாவி தூரப்பட்டதும் நின்றுவிடுவதுமில்லை. நடுரஸ்தாவில் நின்றால் விபத்து நேருமல்லவா?

இந்தக் குறை நேற்றுக் கண்டதன்று. எட்டுக் கம்பெனிகளின் பத்து மாதிரி வண்டிகளை ஜூரிச் நகர ஆராய்ச்சியாளர் சோதித்து, பத்தும் ஏமாந்தன என்று 2011-லேயே வெளியிட்டனர். அலை சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் சாவிகளும், அசையாதிருந்தால் உறங்கிவிடும் சாவிகளும் பின்னர் வந்துள்ளன. பரிகாரம் தெரிந்த பிறகும் அதைச் சில வண்டிகளுக்கு மட்டும் அளித்து, மற்றவற்றைப் பழைய குறையோடு விற்பது எந்த தர்மத்தில் சேரும்?

களவு போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனியார் இரண்டு சாவிகளையும் கேட்பது வழக்கம். இரண்டும் கையிலிருக்க, பூட்டும் உடையாதிருக்க, சந்தேகம் பறிகொடுத்தவர் மீதே திரும்புமானால் அதனினும் அநீதி வேறுண்டோ?

ஆகவே வண்டிக்காரர்கள் இன்றே செய்யத்தக்கவை சில உள. இரண்டு சாவிகளையும் வாசற்பக்கம் வைக்காமல் உள்ளறையில், அலை புகாத உலோகப் பெட்டியிலோ உறையிலோ வைக்கவேண்டும். பெட்டியுடன் வண்டியருகே சென்று கதவு திறக்கிறதா என்று பரீக்ஷித்தல் அவசியம். எல்லா டப்பாவும் அலையைத் தடுத்துவிடா. ஸ்டீயரிங் சக்கரத்தில் இரும்புப் பூட்டு மாட்டுவது பழைய முறையேயாயினும் பயனுள்ளது. ரேடியோ தூது இரும்பை அறுக்காது. சாவியின் தானியங்கு வசதியை நிறுத்த இயலுமா என்று விற்றவரைக் கேட்டறிதலும் நலம்.

எனினும், குடிகளின் ஜாக்கிரதை கம்பெனிகளின் கடமைக்கு ஈடாகாது. இத்தகைய களவுக் கருவிகளை வைத்திருப்போருக்கு ஐந்து வருஷம் வரை சிறை விதிக்கும் மசோதாவை 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் சர்க்கார் பார்லிமெண்டில் கொண்டுவந்தது. நமது சர்க்கார் அதற்கும் ஒருபடி மேலே சென்று, தூரத்தை அளந்தறியாத சாவியோடு புதுவண்டி எதுவும் விற்பனைக்கு வரலாகாதென்று விதிக்கவேண்டும். வாயிலைக் கட்டியவனே அதன் உறுதிக்கு ஜவாப்தாரி.