கொடையும் கடனும்

செல்வம் சேர்த்தோர் பலர். அதைச் சமுதாயத்துக்குத் திருப்பித் தந்தோர் சிலர். அச்சிலரில் ஒருவர், 1938-இல் மறைந்த மேல்விசாரம் தோல் வணிகர் நவாப் சி. அப்துல் அக்கீம் சாகிபு. சென்னை சென்ட்ரல் நிலையத்தருகே வழிப்போக்கர் தங்க அவர் எழுப்பிய சத்திரம் சித்தீக் சராய். 1965-இல் மேல்விசாரத்தில் தோன்றிய கல்லூரி அவர் பெயரையே தாங்குகிறது.

ஆனால், அதே தோல் தொழில் பாலாற்றை நஞ்சாக்கிற்று! 1996-இல் உச்ச நீதிமன்றம் வட ஆர்க்காடு உள்ளிட்ட 5 மாவட்டங்களின் தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கெடுத்தவரே ஈடு தரவேண்டும் என்றது.

ஆம்பூர், வாணியம்பாடி முதலாளிமார்களைக் கேட்கிறோம்: பள்ளிக்கு நன்கொடை தந்தால் போதுமா? கொடை விருப்பம், ஈடு கடன். கிணற்று நீரை இழந்த உழவனின் கடனை முதலில் தீருங்கள். பிறகு கொடையாளர் வரிசைக்கு வாருங்கள், வாழ்த்தி வரவேற்போம்!