மணிக்கூடு யார் பக்கம் திரும்பியிருக்கிறது?

காலியில் 2025 ஜூன் 17இல் தொடங்கிய டெஸ்ட், அஞ்சலோ மெத்தியூஸின் கடைசி டெஸ்ட். எதிரணி பங்களாதேஷ். ஓவர் முடிந்து 60 செக்கனுக்குள் களத்தடுப்பு அணி அடுத்த ஓவருக்குத் தயாராக வேண்டும், இரண்டு எச்சரிக்கைக்குப் பிறகும் தாமதித்தால் ஐந்து ஓட்டம் தண்டம் என்ற விதி டெஸ்டுக்கும் வந்தது அந்த ஆட்டத்தோடு தொடங்கிய உலக டெஸ்ட் சம்பியன்ஷிப் பருவத்தில்தான். வந்ததும் வராததுமாகப் புலம்பல் ஆரம்பித்துவிட்டது. மணிக்கூட்டை வைத்து விளையாட்டின் அழகைக் கொல்கிறார்களாம்.

இதே பங்களாதேஷுக்கு எதிராக, 2023 நவம்பர் 6இல், டில்லியில் மெத்தியூஸுக்கு நடந்ததை இவர்கள் எப்படி மறந்தார்கள்? தலைக்கவசத்தின் பட்டி அறுந்தது, ஷகிப் அல் ஹசன் முறையிட்டார், ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் மெத்தியூஸ் திரும்பினார். சர்வதேசக் கிரிக்கெட்டில் நேரம் கடந்ததற்காக ஆட்டமிழந்த முதல் வீரர் அவர்தான். பட்டி அறுவதற்கு முன்பே, புதிய துடுப்பாட்ட வீரர் தயாராவதற்கான இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது என்றார் நான்காவது நடுவர் ஏட்ரியன் ஹோல்ட்ஸ்டொக். அறுந்த பிறகும் ஐந்து செக்கன் மீதமிருந்தது என்று காணொளியைக் காட்டி வாதாடினார் மெத்தியூஸ். ஐந்து செக்கனுக்காக இரு தரப்பும் மோதிக்கொள்ள நேர்ந்தது ஏன்? நேரம் நடுவர்களின் கணக்கில் ஓடியது. ஓடி வந்த துடுப்பாட்ட வீரரின் கண்ணுக்கு அது தெரியவில்லை.

புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவில் வெங்காயம் வாங்குபவர் தராசைத் தன் பக்கம் திருப்பச் சொல்வார். முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். அது அவருடைய உரிமை. விளையாட்டில் நேரம் என்ற நிறுவைக்கு மட்டும் ஏன் அந்த உரிமை இல்லை? ஓவர்களுக்கு இடையிலான நேரத்தையாவது கிரிக்கெட் எல்லோருக்கும் காட்டத் தொடங்கிவிட்டது. தொழில்முறைக் குத்துச்சண்டை இன்னும் தராசை மறைத்தே வைத்திருக்கிறது. அங்கே நிறுக்கப்படுவது மனிதனின் மண்டை.

ஒரு சுற்று மூன்று நிமிடம். மணி அடிப்பவர் மேடையோரம் இருக்கும் நேரக்கணிப்பாளர். வெள்ளவத்தையில் கைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கும் பையனுக்குத் திரையின் மூலையில் செக்கன் ஓடுவது தெரிகிறது. மேடையில் அடிவாங்குபவனுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. கடைசிப் பத்துச் செக்கனில் எழும் தட்டல் சத்தத்தை நம்பித்தான் அவன் நிற்கிறான். அதுவும் கூட்டத்தின் கூச்சலைத் தாண்டிக் கேட்டால்.

2019 ஜூன் 15இல் லற்வியாவின் ரீகாவில் மணியே கேட்கவில்லை. மைரிஸ் பிரீடிஸுக்கும் போலந்தின் குளோவட்ஸ்கிக்கும் இடையிலான ஆட்டத்தில் இரண்டாம் சுற்று முடிந்து மணி திரும்பத் திரும்ப அடித்தது. மத்தியஸ்தர் றொபேட் பேர்டின் காதில் அது விழவில்லை. முடிந்துபோன சுற்றில் குளோவட்ஸ்கி மறுபடியும் அடித்து வீழ்த்தப்பட்டார். மூன்றாம் சுற்றில் ஆட்டம் நிறுத்தப்பட்டு, உள்ளூர்க்காரர் பிரீடிஸ் வென்றார். உலகக் குத்துச்சண்டை அமைப்பு மறுபோட்டிக்கு உத்தரவிட்டது. அது நடக்கவேயில்லை.

ஆனால் எனக்கு ஆறாத வழக்கு அன்டிபோலோவில் நடந்தது. 2000 ஒக்டோபர் 14, பிலிப்பைன்ஸ். மனி பக்கியாவ் அப்போது இன்று நாமறிந்த பக்கியாவ் அல்ல. அவுஸ்திரேலியாவின் நெடால் ஹுசைன் நான்காம் சுற்றில் அவரை வீழ்த்தினார். மத்தியஸ்தர் கார்லோஸ் படில்லா சாதாரண ஆளில்லை. 1975இல் மணிலாவில் முகமது அலியும் ஜோ பிரேசியரும் மோதிய ஆட்டத்தை நடத்தியவர். அவர் எண்ணினார், மெதுவாக எண்ணினார், பக்கியாவ் தெளிவடையும்வரை இழுத்தார். பத்தாம் சுற்றில் ஹுசைனின் முகத்தில் காயம் என்று ஆட்டம் நிறுத்தப்பட்டு, வெற்றி பக்கியாவுக்குப் போனது. எட்டு மாதத்தில் பக்கியாவ் லாஸ் வேகாஸில் உலகப் பட்டம் வென்றார். ஹுசைன் அந்த உயரத்தை எட்டவேயில்லை. 2022இல், முதிர்ந்த வயதில், உலகக் குத்துச்சண்டைப் பேரவையின் காணொளி ஒன்றில் படில்லா தானாகவே சொன்னார்: என் நாட்டவன் என்பதால் எண்ணிக்கையை நீட்டினேன், தலை மோதி வந்த காயத்தைக் குத்தால் வந்தது என்று அறிவித்தேன். வாக்குமூலம் வர 22 ஆண்டு!

இதற்குப் பக்கத்தில் 1990 பெப்ரவரி டோக்கியோவை வைத்துப் பாருங்கள். பஸ்டர் டக்ளஸ் எட்டாம் சுற்றில் விழுந்தபோது எண்ணிக்கை நீண்டது என்று புகார். ஆனால் பத்தாம் சுற்றில் தோற்றவர் மைக் டைசன். எனவே அன்றே டைசனின் ஏற்பாட்டாளர் டொன் கிங் கூச்சலிட்டார், அன்றே இரண்டு உலக அமைப்புகள் டக்ளஸின் வெற்றியை அங்கீகரிக்க மறுத்தன, சில நாட்களில் பின்வாங்கின. பெரியவருக்கு செக்கன் தவறினால் உலகம் அதிர்கிறது. ஹுசைனுக்குத் தவறினால் எவரும் கேட்பதில்லை. இதற்குப் பெயர் மனிதத் தவறு அல்ல. முறைகேடு.

மணிக்கூட்டை வெளியே காட்டினால் முன்னணியில் இருப்பவர் ஓடி ஒளிந்து நேரம் கடத்துவார் என்கிறார்கள். கபடியிலும் கூடைப்பந்திலும் மணிக்கூடு தெரிகிறது. அந்த விளையாட்டுகள் செத்தா போயின? இந்த வாதத்துக்கு இதற்கு மேல் இடம் தருவது வீண்.

தவறு நடந்தால் திருத்த வழியில்லை என்பதும் பொய். 1988 சோல் ஒலிம்பிக்கில் ஒரே மண்டபத்தில் இரண்டு மேடை. பக்கத்து மேடையின் மணியைத் தன் மணி என்று நம்பிய தென்கொரிய வீரர் நின்றுவிட, அமெரிக்கர் டொட் பொஸ்டரின் குத்து அவரைச் சாய்த்தது. அந்த ஆட்டம் செல்லாது என்று அன்றே மறுபடி நடத்தினார்கள். பொஸ்டர்தான் மீண்டும் வென்றார். ஆனால் நேர்மையாக வென்றார். சம்பளமில்லாத விளையாட்டுக்கு ஒரே நாளில் முடிந்தது, கோடிகள் புரளும் விளையாட்டுக்கு ஏன் முடியவில்லை?

நேரம் உயிர் சம்பந்தப்பட்டது என்பது அவர்களுக்கே தெரியும். 1982 நவம்பரில் தென்கொரியாவின் டுக் கூ கிம், 14ஆம் சுற்றில் வீழ்ந்து, சில நாட்களில் இறந்த பிறகுதான் உலகக் குத்துச்சண்டைப் பேரவை 15 சுற்றுகளை 12 ஆக்கியது. ஒன்பது நிமிடத்தை வெட்டினால் உயிர் காக்கலாம் என்று கண்டவர்கள், களவாகக் கூட்டப்படும் செக்கன்களைப் பார்க்காமல் இருப்பது கொலைக்கு உடந்தையாக இருப்பதே.

1938இல் சிட்னி பேரரசு விளையாட்டுக் குத்துச்சண்டையில் பார்னி ஹென்ரிகஸ் தங்கம் வென்ற நாடு இது. 2018இல் கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில் நம் மூவர் குத்துச்சண்டையில் வெண்கலம் கொண்டுவந்தார்கள். தொழில்முறை மேடை இங்கே பெரிதாக இல்லை. அதனாலேயே சுத்தமாகத் தொடங்கலாம். நான்கு மூலைக்கும் தெரியும் மணிக்கூடு இல்லாத எந்த மேடைக்கும், பாடசாலைகளின் ஸ்டப்ஸ் கேடயம் உட்பட, விளையாட்டுத்துறை அமைச்சு அனுமதி தரக்கூடாது. மணிக்குப் பின் விழுந்த குத்தால் தீர்ந்த ஆட்டம் செல்லாது என்று விதியில் எழுத வேண்டும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு உலக அமைப்புகளிடம் இலங்கை போக வேண்டும், ரீகாவையும் அன்டிபோலோவையும் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லி.