ஆடுகளமும் காக்கிச் சட்டையும்

இந்தியக் காவல் பணியின் முதல் பெண் அதிகாரியாக கிரண் பேடி சேர்ந்தது 1972-ஆம் ஆண்டில். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்று காக்கிச் சட்டை அணிந்த பெண்ணை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. ஆனால், அன்று அந்தப் பெண்ணுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்பதை, பெண் மக்களைப் பெற்றவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அது டென்னிஸ் ஆடுகளத்தில் வந்த துணிவு. அமிர்தசரஸ் நகரில் நான்கு பெண்களில் ஒருவராகப் பிறந்தவர் அவர். டென்னிஸ் ஆடிய தந்தை, மகள்களின் கையிலும் மட்டையைக் கொடுத்தார். கிரண் ஒன்பது வயதில் ஆடத் தொடங்கினார். நீண்ட கூந்தல் ஆட்டத்துக்கு இடைஞ்சலாக இருந்தது, கத்தரித்துக்கொண்டார். 1966-ல் தேசிய ஜூனியர் பட்டம் பெற்றார். அரசு மகளிர் கல்லூரியில் படித்துக்கொண்டே வெளியூர்ப் போட்டிகளிலும் கலந்துகொண்டார். 'பெண்ணுக்கு எதற்கு இந்த ஓட்டமும் சாட்டமும்' என்று அந்த வீட்டில் தடுத்திருந்தால், வரலாறு வேறாகியிருக்கும்.

போலீஸ் பயிற்சியில் அவருடன் இருந்தவர்கள் 80 ஆண்கள். பெண் அவர் ஒருவரே. 1975 குடியரசு தின அணிவகுப்பில் தில்லி போலீஸ் படைக்குத் தலைமை தாங்கி நடந்தார். 1978 நவம்பரில் தில்லி இந்தியா கேட் அருகே வாளேந்தி வந்த கூட்டத்தைக் கையில் லத்தியுடன் எதிர்கொண்டார். அதற்காக 1980-ல் குடியரசுத் தலைவரின் போலீஸ் பதக்கம் கிடைத்தது. 1993-ல் திகார் சிறையின் பொறுப்பேற்று, கைதிகளுக்குப் படிப்பும் தியானமும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். மறு ஆண்டு மகசேசே விருது தேடி வந்தது.

எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. 2007-ல் தில்லி போலீஸ் கமிஷனர் பதவி, பணியில் அவருக்கு இளையவருக்குப் போயிற்று. அவர் விருப்ப ஓய்வு பெற்றார். பின்னர் 2016 முதல் 2021 வரை புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராக இருந்தபோது, மக்கள் தேர்ந்தெடுத்த அரசுடன் மோதினார் என்ற குறையும் அவர்மீது உண்டு. அதைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். 1972-ல் அவர் போட்ட பாதை பாதைதான்.

அந்தப் பாதையில் எத்தனை பேர் நடந்திருக்கிறார்கள்? காவல் துறையில் 100-க்கு 33 பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று மத்திய உள்துறை 2009 முதல் மாநிலங்களுக்கு அறிவுரை கூறி வருகிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் இருந்தவர்களோ, 100-க்கு ஏறத்தாழ 12 பேர்தான். அதிகாரி ஒருவரைப் பாராட்டி மாலை போடுவது எளிது. சாதாரணப் பெண் காவலருக்குக் கழிப்பறையும், குழந்தையை விட்டுச் செல்ல ஓர் இடமும் ஏற்படுத்துவதே அரசுகளின் கடமை.

பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்த தமிழ்க் குடும்பங்களில், பெண் பெரியவளானதும் முதலில் நிற்பது விளையாட்டுதான். தெரியாத ஊர், புரியாத மொழி, ஏதாவது ஆகிவிட்டால் கேட்க நாதி இல்லை என்ற அச்சம். அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் வீட்டுக்குள் பூட்டி வைப்பது அதற்கு மருந்தல்ல.

மத்திய ஆயுதப் படைகளின் காவலர் தேர்வை 2024 முதல் தமிழிலும் எழுதலாம். மொழித் தடை நீங்கிவிட்டது. ஆனால் எழுத்துத் தேர்வில் வென்ற பெண், 1.6 கிலோமீட்டர் தூரத்தை எட்டரை நிமிடத்தில் ஓடியும் காட்ட வேண்டும். பதின்மூன்று வயதில் ஓட்டத்தை நிறுத்திய பெண், இருபது வயதில் திடீரென்று எப்படி ஓடுவாள்?

எல்லாப் பெண்களும் போலீஸ் ஆக வேண்டியதில்லை. எந்த வேலைக்குப் போனாலும் நிமிர்ந்து நிற்கும் உடலும் அஞ்சாத நெஞ்சும் வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவில் மகளிருக்குக் கோலப் போட்டி நடத்தட்டும். அதோடு ஓட்டப் போட்டியும் நடத்தட்டும். பள்ளி விளையாட்டுக் குழுவில் மகளின் பெயர் வந்தால், தந்தையர் தயங்காமல் கையெழுத்துப் போடட்டும்.