கிளட்ச் வேறு கணக்கு, எண்ணெய் வேறு கணக்கு

பழைய மானுவல் கார் வைத்திருக்கும் மாணவரிடம், “கார் ஏன் இப்படி எண்ணெய் குடிக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் யோசிக்காமல் சொல்லும் பதில் ஒன்றுதான்: “கிளட்ச் தேய்ந்துவிட்டது சார்.” தொழிற்கல்லூரியில் வாகனப் பிரிவில் பாடம் நடத்தும் எனக்கு ஒவ்வொரு பருவத்திலும் இந்தப் பதில் காதில் விழுகிறது. பெரும்பாலான நேரங்களில் அது தவறான பதில் என்பது என் உறுதியான கருத்து. வெறும் தவறான பதிலாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் மாணவர்களின் கைப்பணத்தை அது விழுங்குகிறது.

என் மாணவர் ஒருவர் பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் பழைய புரோட்டோன் சாகா ஒன்றை வாங்கினார். டாங்கியை நிரப்பினால் விளக்கு எரியும்வரை 430 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த கார், சில மாதங்களில் 350 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. பட்டறைக்குக் கொண்டுபோனார். “கிளட்ச் போய்விட்டது தம்பி, அதுதான் எண்ணெய் இழுக்கிறது” என்றார்கள். எழுநூறு வெள்ளி செலவு. புதிய கிளட்ச்சோடு அடுத்த டாங்கியும் 350 கிலோமீட்டரில்தான் முடிந்தது.

பிறகு காரைக் கல்லூரிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஜாக்கி வைத்துத் தூக்கி, நான்கு சக்கரங்களையும் கையால் சுற்றிப் பார்த்தோம். பின்பக்க இடது சக்கரம் மட்டும் அசைய மறுத்தது. ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து, முழுதாக விடுபடாமல் பிரேக்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. போதாக்குறைக்கு இரண்டு டயர்களில் காற்றும் குறைவு. கேபிளை மாற்ற ஆன செலவு நூறு வெள்ளிக்குள். அடுத்த டாங்கி 420 கிலோமீட்டர் ஓடியது.

அந்தப் பட்டறைக்காரர் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவரும் அதை நம்பியே சொல்லியிருக்கலாம். என் குறை அந்த நம்பிக்கையின் மேல்தான். பள்ளியில் படித்த இயற்பியலை வைத்து ஐந்து நிமிடத்தில் அதைச் சோதித்திருக்கலாம்.

கிளட்ச் என்பது அடிப்படையில் உராய்வுப் பொருள் ஒட்டிய ஒரு வட்டத் தட்டு. ஒரு பக்கம் இயந்திரத்தோடு சுற்றும் ஃபிளைவீல், மறுபக்கம் ஸ்பிரிங் விசையால் அழுத்தும் பிரஷர் பிளேட். பெடலை விட்டால் தட்டு நடுவில் இறுக்கமாகப் பிடிக்கப்பட்டு, மூன்றும் ஒரே வேகத்தில் சுற்றும். அப்படி ஒன்றாகச் சுற்றும்போது தட்டு எட்டு மில்லிமீட்டர் தடிப்பாக இருந்தாலும் ஆறரை மில்லிமீட்டராக மெலிந்திருந்தாலும் இயந்திரத்தின் ஆற்றல் முழுதாகவே கியருக்குப் போகும். மெலிந்த தட்டு கூடுதல் எண்ணெய் குடிக்க எந்தக் காரணமும் இல்லை. தேய்ந்த கிளட்ச்சும் நழுவும் கிளட்ச்சும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

சரி, நழுவினால் எண்ணெய் வீணாகாதா என்று கேட்பீர்கள். வீணாகும். ஆனால் வீணாகும் ஆற்றல் எங்கே போகிறது? வெப்பமாக மாறி அந்தத் தட்டுக்குள்ளேயே இறங்குகிறது. சிறிய கார் ஒன்று நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட ஏறத்தாழ 12 கிலோவாட் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 430 கிலோமீட்டர் 350 ஆகக் குறைவது ஏறக்குறைய 19 விழுக்காடு இழப்பு. அதற்குக் கிளட்ச்தான் காரணம் என்றால், ஓடும் நேரமெல்லாம் 2 கிலோவாட்டுக்கு மேல் அந்தத் தட்டு வெப்பமாக்கிக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கெண்டியை மூடிய கூட்டுக்குள் போட்டு, மணிக்கணக்கில் அணைக்காமல் விடுவதற்குச் சமம் அது. அப்படிப்பட்ட கிளட்ச் மாதக் கணக்கில் தாங்காது. கருகிய நாற்றம் வரும், மேடு ஏறாது, பிறகு கார் நகரவே நகராது. சத்தமில்லாமல் மாதக் கணக்கில் எண்ணெயைத் திருடும் வழி கிளட்ச்சுக்குக் கிடையாது.

அப்படியானால் கிளட்ச் எப்போது தேய்கிறது? கார் நின்ற நிலையிலிருந்து நகரும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில்தான். இயந்திரம் சுற்றுகிறது, சக்கரம் நிற்கிறது, இரண்டையும் சமமாக்கும்வரை தட்டு நழுவியாக வேண்டும். இதில் ஓர் அழகான விதி இருக்கிறது. இயந்திரத்தின் சுழற்சியை மாறாமல் வைத்துக்கொண்டு கிளட்ச்சை விட்டால், கார் பெறும் இயக்க ஆற்றல் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவே கிளட்ச்சில் வெப்பமாகும். சக்கரப் பக்கத்து வேகம் பூஜ்யத்திலிருந்து சீராக ஏறுவதால், சராசரியாக இயந்திரம் தரும் ஆற்றலில் பாதிதான் காருக்குப் போய்ச் சேருகிறது. மீதிப் பாதி சூடு.

கணக்குப் போடுவோம். 1,000 கிலோகிராம் கார், முதல் கியர், 1,500 ஆர்பிஎம். கிளட்ச் முழுதாகப் பிடிக்கும்போது வேகம் விநாடிக்கு 3 மீட்டர் அளவில் இருக்கும். இயக்க ஆற்றல் 4,500 ஜூல். அவ்வளவுதான் கிளட்ச் விழுங்கும் சூடும். இதையே 3,000 ஆர்பிஎம்முக்கு உறுமவிட்டுக் கிளம்பினால் வேகம் இருமடங்கு, ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் நான்கு மடங்கு: 18,000 ஜூல். போக்குவரத்து விளக்கில் உறுமிக்கொண்டு பாயும் நண்பரின் கிளட்ச், உங்களுடையதைவிட நான்கு மடங்கு சூட்டை ஒவ்வொரு முறையும் வாங்குகிறது.

இப்போது எண்ணெய்ப் பக்கம் வாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. கால்பங்குதான் பயன்படும் வேலையாக மாறும் என்றாலும் 8 மெகாஜூல். நிதானமாக நூறு முறை நின்று கிளம்பினால் கிளட்ச்சில் போவது 0.45 மெகாஜூல், அதாவது சுமார் 56 மில்லிலிட்டர். லிட்டர் 1.99 ரிங்கிட் என்ற விலையில் (2025 செப்டம்பர் 30-இல் புடி95 தொடங்கியபோது இருந்த விலை) அது பதினொரு சென்! உறுமிக் கிளம்பினாலும் 45 சென்தான். ஆனால் அந்தப் பழக்கத்தால் சீக்கிரம் தேயும் கிளட்ச்சுக்கு எழுநூறு வெள்ளி. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மேட்டில் நிற்பது இன்னும் மோசம். வார இறுதியில் பேரங்காடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் வரிசை நிற்கும்போது பாருங்கள். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவில், பிரேக் பிடிக்காமல் பாதி கிளட்ச்சில் காரைத் தொங்கவிட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தக் காரைப் பிடித்து நிறுத்த சுமார் 980 நியூட்டன் விசை வேண்டும். இயந்திரம் 1,500 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது என்றால், அதற்கு ஈடான வேகம் விநாடிக்கு 3 மீட்டர். பெருக்கினால் ஏறத்தாழ 3 கிலோவாட். கார் ஓர் அங்குலம்கூட நகரவில்லை, அத்தனையும் சூடு. முப்பது விநாடி அப்படி நின்றால் இருபது முறை நிதானமாகக் கிளம்பிய தேய்மானம் ஒரேயடியாக வந்துவிடும்.

இதில் எனக்கு வருத்தம் தருவது, நம் ஓட்டுநர் சோதனை இதைச் சரியாகவே கற்றுத் தருகிறது என்பதுதான். ‘புக்கிட்’ ஏறும்போது என்ன செய்யச் சொன்னார்கள்? நின்று, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு ஹேண்ட்பிரேக்கை விடச் சொன்னார்கள். அது சோதனைக்கான வித்தை அல்ல, சாலைக்கான முறை. ஆனால் ஏன் அப்படி என்பதைப் பல பயிற்றுநர்கள் சொல்வதில்லை. “இப்படிச் செய், பாஸாகிவிடுவாய்” என்பதோடு நின்றுவிடுகிறது. உரிமம் கைக்கு வந்த மறுநாளே மாணவர் ஹேண்ட்பிரேக்கை மறந்துவிடுகிறார். ஓட்டுநர் பள்ளிகளில் பழைய கிளட்ச் தட்டு ஒன்றைக் கையில் கொடுத்துப் பத்து நிமிடம் பேசினால் போதும். இதற்குப் புதிய பாடத்திட்டம் எதுவும் வேண்டாம்.

இன்னொரு வீட்டு நம்பிக்கையையும் இங்கே பேசிவிடுகிறேன். “இறக்கத்தில் நியூட்ரலில் விடு, எண்ணெய் மிச்சம்” என்று அப்பாவோ மாமாவோ சொல்லியிருப்பார். கார்பரேட்டர் காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்தது. 1994-இல் வந்த முதல் கஞ்சில்கூட கார்பரேட்டர் கார்தான். இன்றைய கார்களில் கணினி எரிபொருளைப் பீய்ச்சுகிறது. கியரில் வைத்தபடியே முடுக்கியிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இயந்திரத்தைச் சுற்றுவதைக் கண்டு கணினி எண்ணெயை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டாலோ, இயந்திரம் அணையாமல் இருக்க எண்ணெய் கொடுத்தே தீர வேண்டும். ஆகவே இன்று நியூட்ரல்தான் செலவு. கெந்திங் மலை இறக்கத்தில் அப்படிச் செய்தால் இயந்திரத் தடை இல்லாமல் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும் என்பது எண்ணெயைவிடப் பெரிய விஷயம். அப்பாவிடம் சண்டை போடாமல், “இது இஎஃப்ஐ இயந்திரம்ப்பா” என்று சொல்லிப் பாருங்கள்.

மோட்டார் சைக்கிளில் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹோண்டா இஎக்ஸ்5 போன்றவற்றில் கிளட்ச் சுழற்சி வேகத்தால் தானாகவே பிடிக்கும். ஒய்15-இல் கையால் பிடிக்க வேண்டும். இரண்டிலுமே கிளட்ச் தட்டுகள் இயந்திர எண்ணெயில் நனைந்துகொண்டே இருக்கும். வீட்டில் மீந்த கார் எண்ணெயை ஊற்றாதீர்கள். கார் எண்ணெய்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். கிளட்ச்சோ உராய்வை நம்பி வாழ்வது. புட்டியில் ‘ஜாசோ எம்ஏ’ என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மானுவல் கார் எண்ணெயைச் சேமிக்கும் என்ற பேச்சும் இப்போது அப்படியே செல்லாது. சிவிடி கியர் வந்தபின், இயந்திரத்தைக் குறைந்த சுழற்சியில் வைத்திருப்பதில் கணினி பல ஓட்டுநர்களை வென்றுவிடுகிறது. மூன்றாம் கியரிலேயே ஊர் முழுக்கச் சுற்றுகிறவருக்கு மானுவல் ஒன்றும் சேமித்துத் தராது. ஆனாலும் கையில் குறைந்த பணத்தோடு முதல் கார் தேடும் மாணவருக்கு, பழைய மானுவல் கார்தான் எட்டும் விலையில் இருக்கிறது. பயத்தால் மட்டும் ‘டிஏ’ உரிமம் எடுப்பவர்கள் அந்தக் கதவைத் தாங்களே மூடிக்கொள்கிறார்கள். ‘டிஏ’ வைத்துக்கொண்டு மானுவல் ஓட்ட முடியாது. முடிந்தவர்கள் ‘டி’ எடுங்கள் என்பதே என் ஆலோசனை.

கடைசியாக, பட்டறையில் “கிளட்ச் போய்விட்டது” என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். காலியான நேர் சாலையில் நான்காம் கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முடுக்கியை ஆழமாக அழுத்திப் பாருங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி, வேகம் பின்தங்கினால் நழுவுகிறது. இரண்டும் ஒன்றாக ஏறினால் நழுவவில்லை. எண்ணெய்க் கணக்கை முள்ளைப் பார்த்துச் சொல்லாமல், டாங்கியை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மீண்டும் நிரப்பிய லிட்டரால் வகுத்துச் சொல்லுங்கள். கிலோமீட்டர் குறைந்திருந்தால் முதலில் டயர் காற்று, ஓடி முடித்ததும் எந்தச் சக்கரம் அதிகமாகச் சுடுகிறது, பிறகு காற்று வடிகட்டி. மாற்றியே ஆக வேண்டும் என்றால், கழற்றிய பழைய தட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உராய்வுப் பரப்புக்குக் கீழே ரிவெட் தலைகள் எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்று அளக்கலாம், 0.3 மில்லிமீட்டர் என்பது பல தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் எல்லை. அந்த மாணவரின் தட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மிச்சம் இருந்தது.