ஒளிச்சு வைச்ச கடை எதுவும் எங்கட ஊரில் இல்லை

'லிஸ்பனில் சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரியாத பத்து இடங்கள்.' இப்படி ஒரு தலைப்பு உங்கட ஃபோனிலும் எப்பவாவது வந்திருக்கும். ஊர்க்காரர் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற மாதிரி எழுதியிருப்பார். பெரிய தெருவில் கோப்பி குடிக்காதீங்க, பின்னுக்கு ஒரு ஒழுங்கை இருக்கு, அங்க நின்றபடியே குடிக்கிற சின்னக் கடைக்குப் போங்க. மீன் சுட்டுத் தாற இடம் இது. ஃபாடோ பாட்டுக் கேட்க மேட்டுத் தெருவில் இந்த வீட்டுக்குப் போங்க. சாப்பாடு, கோப்பி, பாட்டு. இந்த மூன்றையும் பிடித்துவிட்டால் நகரத்தையே பிடித்த மாதிரி என்பது அந்தப் பட்டியல்களின் நம்பிக்கை.

அந்தக் காய்ச்சல் இப்ப எங்கட பக்கத்துக்கும் வந்திருக்கு. மருதமுனையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் கொத்து, ஷவர்மா, புரியாணி, மில்க்‌ஷேக் என்று பொடியன்மார் வீடியோ போடுகிறார்கள். 'கல்முனையில் யாருக்கும் தெரியாத கடை' என்று ஒன்று. வீடியோவைப் பார்த்தால் கடைக்குள் இருபது பேர் இருந்து சாப்பிடுகிறார்கள். யாருக்கும் தெரியாதாம்.

எனக்கு அந்த வீடியோக்களில் கோபம் இல்லை. உழைக்கிற கடைக்கு நாலு பேர் கூட வந்தால் நல்லதுதான். எனக்குள்ள கேள்வி ஒன்றுதான்: மறைந்திருக்கு என்று சொல்கிறோமே, யாருடைய கண்ணுக்கு? இந்தக் கேள்வியைக் கேட்டால் எங்கட ஊரில் உண்மையிலேயே மறைந்திருக்கிறது எது என்று தெரியவரும். அது கடை இல்லை.

முதலாவது கண், வழிப்போக்கருடைய கண். கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி வழியாக வந்து, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை தாண்டி மட்டக்களப்பில் முடிகிற ஏ4 வீதி எங்கட ஊர்களை ஊடறுத்துத்தான் போகிறது. அருகம்பையில் அலைச்சறுக்கு சீசன் தொடங்கினால் முதுகுப் பையோடு வெள்ளைக்காரர்கள் மட்டக்களப்பில் பஸ் ஏறுவார்கள். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை என்று ஊருக்கு மேல் ஊர் போகும். அவர்கள் யன்னலால் பார்த்துக்கொண்டு போய்ப் பொத்துவிலில் இறங்குவார்கள். மெயின் ரோட்டில் இருக்கிற ஊரை ஒருவர் பார்க்காமல் போனால் ஊர் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அவர் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

போர்த்துக்கேயர் விஷயத்தில் எங்களுக்கு இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. லிஸ்பன் பட்டியல்களில் தவறாமல் வருகிற ஒரு பகுதி மொராரியா. 1147 இல் கிறிஸ்தவப் படை நகரத்தைப் பிடித்த பிறகு, மிஞ்சிய முஸ்லிம்களை மதிலுக்கு வெளியே இருக்கவிட்ட இடம். மூர்கள் இருந்த இடம் என்பதால் அந்தப் பெயர். அதே சொல்லைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு 1505 இல் இலங்கைக்கு வந்தவர்கள், இங்கிருந்த முஸ்லிம்களுக்கும் அதையே வைத்தார்கள். இன்றைக்கும் குடிசன மதிப்பீட்டில் ஆங்கிலத்தில் நாங்கள் மூர், தமிழில் சோனகர். 1626 இல் போர்த்துக்கேயர் தங்கட ஆட்சிக்குட்பட்ட கரையோரத்தில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி அரசன் செனரத் அவர்களில் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். 1961 இல் அம்பாறை மாவட்டம் பிரியும் வரைக்கும் எங்கட ஊர்களும் மட்டக்களப்புத்தான். விரட்டியவன் போய்விட்டான், அவனுடைய சொல் மட்டும் தேத்தண்ணிக் கடைக்குள் மிஞ்சியிருக்கிறது. பாண், மேசை, கோப்பை மூன்றும் போர்த்துக்கேயம்.

அந்த மொராரியாவுக்கு இன்றைக்கு என்ன நடந்தது? 'மறைந்த இடம்' என்று எல்லாரும் எழுதி எழுதி, வீடுகள் எல்லாம் பயணிகள் தங்குகிற வாடகை அறைகளாக மாறத் தொடங்கின. 2018 இல் லிஸ்பன் மாநகரசபை மொராரியா, அல்ஃபாமா உட்படச் சில பகுதிகளில் அப்படியான புதிய விடுதிப் பதிவுகளை நிறுத்திவைக்க வேண்டி வந்தது. பட்டியல் போட்ட ஊர்க்காரருக்கே அங்கே வாடகை கட்ட முடியாத நிலை. கல்முனைக்கு அந்த ஆபத்து இப்போதைக்கு இல்லை. ஆனால் சீசனில் அருகம்பையில் எழுதித் தொங்கவிடுகிற கோப்பி விலை பொத்துவில் ஆட்களுக்காக எழுதியது இல்லை என்பது அங்கே போய்வந்த எல்லாருக்கும் தெரியும்.

இனி இரண்டாவது கண்ணுக்கு வாறேன். இது ஊருக்குள்ளேயே இருக்கிறது.

கல்முனையில் நல்ல தேத்தண்ணி எங்கே என்று கேளுங்கள். எந்தப் பொடியனும் சொல்லுவான். சுபஹுக்குப் பிறகு பள்ளிக்குப் பக்கத்துக் கடையில் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ. பின்னேரம் பஸாரில் பால்தேத்தண்ணி, ரோல்ஸ், பட்டிஸ். தட்டு நிறையக் கொண்டுவந்து வைப்பார்கள், சாப்பிட்டதை எண்ணிக் காசு எடுப்பார்கள். இரவு பத்து மணிக்குக் கொத்து. கடற்கரையில் கரைவலை இழுக்கிற நேரம் போனால் துடிக்கத் துடிக்க மீன். அருமையான பட்டியல். ஒரு வரியும் பொய் இல்லை.

அந்தப் பட்டியலில் எனக்கு இருக்க இடம் எங்கே?

எங்கட ஊர்களில் தேத்தண்ணிக் கடை ஆம்பிளைகளின் இடம். இதைச் சொன்னதும் கூடப் படிக்கிற ஒருவன் கேட்டான், "கடை வாசல்ல போட் போட்டா வைச்சிரிக்கி, பொம்பிளைகள் வரவேணாமெண்டு?" இல்லை, எந்தக் கடையிலும் அப்படி ஒரு போட் இல்லை. போட் தேவைப்படாத அளவுக்கு எல்லாருக்கும் தெரியும். உள்ளே போனால் பேச்சு நிற்கும், நாற்பது கண் திரும்பும், வீட்டுக்கு நான் போய்ச்சேர முதல் செய்தி போய்ச்சேரும். ஆகவே எங்களுக்கு ஊர்ச் சாப்பாடு எல்லாம் பார்சல் சாப்பாடு. கொத்து ரொட்டி கிழக்கில்தான் பிறந்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தத் தகடு இரண்டும் கல்லில் அடிக்கிற தாளத்தை நாங்கள் ஓட்டோவுக்குள் இருந்துதான் கேட்டு வளர்ந்தோம். லஞ்ச் ஷீட்டுக்குள் அரை மணித்தியாலம் அவிந்த கொத்து வேற சாப்பாடு. கேட்டுப் பாருங்கள், எங்கட ராத்தாமாரில் முக்கால்வாசிப் பேருக்குக் கல்லில் இருந்து நேரே எடுத்த கொத்தின் ருசி தெரியாது.

அதனால்தான் புதுசாக வந்த கஃபேக்களை நக்கல் அடிக்கிற கூட்டத்தில் நான் சேரமாட்டேன். சுவரில் செயற்கைப் புல் ஒட்டி, மஞ்சள் பல்பு தொங்கவிட்டு, இங்கிலீஷில் பெயர் வைத்து, தேத்தண்ணிக் கடைக் கணக்கில் பத்து மடங்கு விலைக்குக் கோப்பி விற்கிறார்கள் என்று சொல்வது சரிதான். கோப்பியும் அவ்வளவு ருசி இல்லை. 1869 இல் இலைத்துரு நோய் வந்து தோட்டங்கள் அழியத் தொடங்க முதல் இந்த நாடே கோப்பி நாடு. அப்படிப்பட்ட நாட்டில் பவுடரைக் கரைத்துத் தருவது கவலையான விஷயம்தான். வீட்டில் மழை நாளில் போடுகிற மல்லிக் கோப்பிக்குக் கிட்ட வராது. ஆனாலும் இரண்டு பெண் பிள்ளைகள் அசைன்மென்ட்டை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்து பேசக்கூடிய முதலாவது கதிரை எங்களுக்கு அந்தக் கடைகளில்தான் கிடைத்தது. 'ஊரின் உண்மையான ருசி தேத்தண்ணிக் கடையில்தான்' என்று எழுதுகிறவர்கள், அந்த உண்மைக்குள் பாதி ஊருக்கு இருக்க இடம் இல்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இனி, எந்தக் கண்ணுக்கும் படாத மூன்றாவது விஷயம்.

வீட்டு வாசல். காலை ஐந்தரைக்கு ஒழுங்கைக்குள் நடந்து பாருங்கள். போட் இல்லை, பெயர் இல்லை. படலை பாதி திறந்திருக்கும், புகை வரும், கோப்பையும் காசும் பிடித்தபடி இரண்டு மூன்று பிள்ளைகள் நிற்கும். உள்ளே ஒரு உம்மா அப்பம் சுடுகிறா. ஊரின் காலைச் சாப்பாட்டில் ஒரு பெரிய பங்கு இப்படித்தான் வெளியே வருகிறது. அப்பம், இடியப்பம், புட்டு, சம்பல். கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற சமூசாவும் கிழங்கு ரொட்டியும்கூடப் பல நேரம் ஏதோ ஒரு வீட்டுக் குசினியில் இருந்து வந்தவைதான். கடைக்குப் பெயர் உண்டு, கெஷியருக்கு முகம் உண்டு. சுட்ட கைக்கு இரண்டும் இல்லை. 2022 இல் காஸ் வரிசை ஊரைச் சுற்றி நின்ற மாதங்களிலும் இந்தக் குசினிகள் விறகை மூட்டி வேலை செய்தன.

அவர்களை வீடியோ எடுத்துப் போட வேண்டும் என்றா சொல்கிறேன்? இல்லை. ஐம்பது அப்பத்துக்கு மாக் கரைத்த வீட்டு வாசலில் இருநூறு பேர் வந்து நின்றால் அது உதவி இல்லை, உபத்திரவம். பக்கத்து வீட்டில் சுடுகிறவவிடம் இதைக் கேட்டேன். "படமெல்லாம் எடுக்காத புள்ள. யாரும் கேட்டா ஆர்ர அப்பமெண்டு சொல்லு, அது போதும்" என்றா. ஆரின் கை என்று சொல்வது. இந்தச் சின்ன நீதியைத்தான் நான் கேட்கிறேன். எங்கட ஊர்ப் பட்டியல் கடைப் பெயரில் தொடங்காமல் ஆக்கியவருடைய பெயரில் தொடங்கட்டும், அவவுக்கு விருப்பம் என்றால்.

கடைசியாகப் பாட்டு. லிஸ்பன் பட்டியலில் இது இலேசான பகுதி, எங்களுக்கு இதுதான் கஷ்டம். 'பாட்டுக் கேட்க எங்கே போகலாம்?' என்று கல்முனையில் யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஜமாதுல் ஆகிர் மாதத்தில் வந்தால் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரில் கொடியேறும். பக்கீர் பாவாமார் றபான் அடித்துப் படிப்பதைக் கேட்கலாம், கந்தூரிச் சோறும் சாப்பிடலாம். கலியாண வீடுகளிலும் ஊர் விழாக்களிலும் பொல்லடி பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாய்ந்தமருதுக்கு அடுத்த ஊரான காரைதீவு, மறைந்துபோன யாழைத் தேடி 1947 இல் யாழ் நூலை வெளியிட்ட விபுலாநந்த அடிகள் பிறந்த மண். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பாட்டு இருக்கிறது, கவி. வயல் காவலிலும், பன் பாய் இழைக்கும்போதும், தொட்டில் ஆட்டும்போதும் எங்கட மூத்தம்மாமார் படித்தது. நாலு வரிக்குள் ஒரு மச்சானுக்கும் மச்சிக்கும் இடையில் உள்ள ஏக்கம், கோபம், கேலி முழுவதும் அடங்கிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் கட்டிய கவிதை.

மொராரியாவில் வாழ்ந்து 1846 இல் இறந்துபோன மரியா செவெரா என்ற ஏழைப் பெண்ணைத்தான் ஃபாடோவின் முதல் பெரிய பாடகி என்று சொல்கிறார்கள். ஒழுங்கைக்குள் பாடிய அந்தப் பாட்டை 2011 இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபாக ஏற்றுக்கொண்டது. மட்டக்களப்பில் போர்த்துக்கேயப் பறங்கியரின் மொழியையும் பாட்டையும் பதிவுசெய்ய லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் இருந்து ஹ்யூகோ கார்டோசோவின் குழு வந்தது. அத்தனை தூரத்தில் இருந்து ஆட்கள் வந்து பக்கத்து ஊர்ப் பாட்டைப் பதிவு செய்கிறார்கள். நாங்கள்? நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்ற ஒரு சிலர் ஊர் ஊராகப் போய்க் கவிகளைச் சேர்த்து அச்சில் தந்தார்கள். அச்சில் சொல் கிடைக்கும், இராகம் கிடைக்காது. அந்த இராகம் தெரிந்தவர்களுக்கு இப்ப எழுபது, எண்பது வயது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தபோது நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அன்றைக்கு எங்கட கரையில் போன மூத்தம்மாமாரோடு எத்தனை கவி போனது என்று யாரும் எண்ணவில்லை.

இசை கூடுமா கூடாதா என்கிற வாதம் ஊரில் இருக்கிறது, அதைத் தீர்க்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஒரு மூத்தம்மா திண்ணையில் இருந்து தன்னுடைய வாயால் சொல்கிற கவியைக் கேட்டு வைத்துக்கொள்ள யாரிடமும் ஃபத்வா கேட்கத் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். "வெட்கமா இரிக்கி, போ" என்பா. இரண்டாம் நாள் கேளுங்கள், மூன்றாம் நாள் சொல்லுவா.

ஆகவே வீடியோ போடுகிற பொடியன்மாருக்கு என்னுடைய வேண்டுகோள் இது. அடுத்த கடைக்குப் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: இதை ஆக்கினது ஆர்? இங்கே ஒரு பெண் பிள்ளை வந்து இருந்து சாப்பிடலாமா? கடை முதலாளி காக்காமாருக்கு: வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையை எங்களுக்கு விடுங்கள். திரை போட்ட ஃபெமிலி ரூம் வேண்டாம், சும்மா ஒரு மேசை. நாங்களும் காசு கொடுத்துத்தான் குடிப்போம்.

எங்கட பிள்ளைகளுக்கு: அந்த ஃபோனில் கொத்தை மட்டும் பதியாதீர்கள். இந்த லீவில் வீட்டுக்குப் போனால் உங்கட மூத்தம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, முதலில் அவவிடம் கேட்டுவிட்டு, றெக்கோடிங்கை அமத்துங்கள். அவவிடம் இருக்கிறதை வேறு எந்தக் கடையிலும் போய் வாங்க ஏலாது.